வியாழக்கிழமைக் கடிதம் விழுந்த இழுப்பறை

மின்னஞ்சல் பெட்டி ஒரே வரிசையாக இருந்த காலம் ஒன்று உண்டு. வெளியூரில் இருக்கும் மகன் எழுதிய மடலும், மின்கட்டண அறிவிப்பும், செருப்புக் கடையின் தள்ளுபடியும் வந்த நேரப்படி ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவர்களைப் போல, அங்கே பெரியவர் சிறியவர் என்ற பேச்சே இல்லை. தையல் சாமான் கடையின் மாடியறையில் வேலை பார்த்த வியாழக்கா, தம் வாழ்நாளின் நல்ல பகுதி என்று பின்னாளில் சொல்லிக்கொண்டது அந்தக் காலத்தைத்தான். துல்லியமாகச் சொன்னால், ஆறு ஆண்டு எட்டு மாதங்கள்.

வியாழக்கா என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. வாரந்தோறும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையின் சார்பில் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் அனுப்புவது அவர் பொறுப்பு. காய்ச்சலோ கல்யாணமோ, வியாழனன்று மட்டும் அவர் விடுப்பு எடுத்ததில்லை. கூட வேலை செய்தவர்கள் முதலில் கேலிக்காக வைத்த பெயர், நாளடைவில் சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நிலைத்துவிட்டது. மின்தூக்கி பழுதுபார்க்கும் கணவர்கூட, வீட்டுக்குத் தொலைபேசி வந்தால், "வியாழன் குளிக்கறாங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்பார்.

கடிதம் எழுத வருவதற்கு முன்பு ஒன்பது ஆண்டுகள் அவர் கீழே பட்டன் பிரிவில் நின்றவர். அந்தப் பிரிவின் சுவர் முழுவதும் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், நானூற்று எண்பது. ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கும் பட்டனில் ஒன்றைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். வாடிக்கையாளர் கலைத்துப்போட்ட பட்டன்களை மாலையில் தட்டில் அள்ளி, இரண்டு துளை, நான்கு துளை, குமிழ், சிப்பி எனப் பிரித்து அதனதன் இடத்தில் போட வேண்டும். தவறான இழுப்பறையில் விழுந்த பட்டன் கடையில் இல்லாத பட்டனுக்குச் சமம் என்பது பெரிய முதலாளியின் கட்டளை. வியாழக்கா பேசிக்கொண்டே இருக்க, விரல்கள் பிரிக்கும். கண் கூடத் தேவைப்படாது.

அந்தப் பேச்சுதான் அவரை மாடிக்கு ஏற்றியது. ஒரு சாண் எலாஸ்டிக் வாங்க வந்தவர் அரைமணி நேரம் நின்று கதை கேட்டுவிட்டு நான்கு முழமாக வாங்கிப் போவதைப் பெரிய முதலாளி கவனித்தார். கடைக்குக் கணினி வந்ததும், "நீ பேசறதையே எழுதி அனுப்பும்மா" என்றார். கடிதம் பிறந்தது அப்படித்தான். மேல்பாதியில் அக்காவின் பேச்சு: வழுக்கும் துணியில் மடிப்புத் தைப்பது எப்படி, எதிர்வீட்டுத் திரைச்சீலை ஏன் கோணலாகத் தொங்குகிறது, போன வாரம் ஒரு வாசகர் கேட்ட சந்தேகம். கீழ்ப்பாதியில் அந்த வாரச் சரக்கு: நூல்கண்டு, ஜிப், கத்திரிக்கோல், படம், விலை, தள்ளுபடி, அழுத்தினால் கடைப்பக்கத்துக்குப் போகும் சிவப்புக் கட்டம்.

நாலாயிரத்து இருநூறு பேருக்குப் போகும் அந்தக் கடிதத்தை ஆயிரத்து அறுநூறு பேர் திறந்து பார்த்தார்கள். ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய அறுபது பதில்கள் வரும். அவற்றில் தவறாமல் வருவது காஜாக்காரரின் ஒற்றை வரி. இரண்டு நிறுத்தம் தள்ளித் தையற்கடை வைத்திருந்த முதியவர் அவர். சட்டையின் பட்டன் துளைக்குக் கையாலேயே காஜா எடுப்பதால் அந்தப் பெயர். பாராட்டு என்பது அவர் வாயில் வராது. "லைனிங் பத்தி எழுதினது சரி. கத்திரி பத்தி எழுதினது தப்பு" என்று ஒரு வாரம். "வேலை இல்ல. ரெண்டு தடவ படிச்சேன்" என்று மறுவாரம். அந்த இரண்டாவது வரியை அக்கா அச்சிட்டுக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார்.

முந்நூற்று நாற்பத்தேழாவது கடிதத்துக்குக் காஜாக்காரர் பதில் எழுதவில்லை.

அடுத்த வாரமும் இல்லை. மற்றவர்களின் பதிலும் அறுபதிலிருந்து முப்பதாகி, பிறகு பதினொன்றாகச் சுருங்கிற்று. திறந்து பார்த்தவர்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய் எழுநூறில் நின்றது. தம் எழுத்துத்தான் சப்பென்று ஆகிவிட்டதோ என்று அக்கா பழைய கடிதங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார், வித்தியாசம் தெரியவில்லை. அதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. காஜாக்காரருக்கு வயது எழுபதை நெருங்கியிருக்கும்.

"அவர் நம்பர்தான் கடையில இருக்குமே, ஒரு போன் போட்டா தெரிஞ்சுடும்" என்றார் கணவர்.

"தெரிஞ்சுடுமேன்னுதான் போடல."

இதற்கிடையில் பெரிய முதலாளி ஓய்வு பெற்று, அவர் மகள் கடைப்பொறுப்பை ஏற்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊழியர்கள் மேடம் என்பார்கள். கெட்டவர் இல்லை, எதையும் எண்ணிப் பார்த்துச் செய்பவர். ஒரு நாள் மாடிக்கு வந்து, கையிலிருந்த தாளை மேசைமேல் விரித்தார். அதில் ஒரு கோடு மலையிலிருந்து இறங்கிச் சமவெளியில் படுத்திருந்தது.

"அக்கா, உங்களக் குத்தம் சொல்லல. ஆனா இத பாருங்க."

"பாத்துட்டுத்தான் இருக்கேன் மேடம். தூக்கமே வரல."

"கீழ ஆள் பத்தாம திண்டாடறோம். இன்னும் பதிமூணு கடிதம், அதாவது மூணு மாசம். பழைய அளவுக்கு வந்தா சந்தோஷம். வரலன்னா கடிதத்த நிறுத்திடலாம். நீங்க கவுண்டருக்கே வந்துடுங்க. சம்பளத்துல ஒரு குறையும் வராது."

சம்பளத்தைப் பற்றி அக்காவுக்குக் கவலை இல்லை. கவுண்டரில் நிற்பதும் அவருக்குப் புதிதன்று. ஆனால் கடிதம் நின்றால், முகம் பாராமலே ஆறேழு ஆண்டுகளாகப் பழகிய அத்தனை பேரும் ஒரே நாளில் இல்லாமல் போவார்கள். இன்னாருடைய மகளுக்குப் பள்ளிச் சீருடை சிறுத்துவிட்டது, இன்னாருக்குக் கண்புரை நீங்கி ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்ற செய்திகள் எல்லாம் அந்தக் கடிதம் வழியாக மட்டுமே வந்துகொண்டிருந்தன.

அந்த வாரக் கடைசியில், பட்டன் பிரிவுக்கு முன்னால் ஓர் அதட்டல் கேட்டது.

"எங்க அந்தக் கடிதம் எழுதற அம்மா? உயிரோடதான் இருக்காங்களா?"

அக்கா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். கழுத்தில் அளவு நாடா தொங்க, காஜாக்காரர் முழு உருவத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"பதினோரு வாரமா ஒரு வரி இல்ல. சரி, கெழவன் நொட்ட சொல்லிட்டே இருக்கான்னு பேர வெட்டி விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். ஏம்மா, கத்திரி தப்புன்னு சொன்னதுக்கா இவ்ளோ ரோஷம்?"

"நான் நிறுத்துவேனாண்ணா? வாரா வாரம் அனுப்பிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் பதிலே போடல. நான் என்னென்னமோ நெனச்சு..."

"என்ன நெனச்ச?"

அக்கா கவுண்டரில் கிடந்த பட்டன்களை ஒதுக்க ஆரம்பித்தார்.

"போய்ச் சேந்துட்டான்னு முடிவு பண்ணிட்டியா? பூவுக்குச் சொல்லிட்டியா இல்ல இனிமேத்தானா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். அஞ்சல் பெட்டியின் தலையில் புதிதாகச் சில பிரிவுகள் முளைத்திருந்தன. முதன்மை என்று ஒன்று, விளம்பரங்கள் என்று ஒன்று. அஞ்சல் சேவைக்காரர்கள் ஒருவரையும் கேட்காமல் பெட்டிக்குள் தடுப்புச்சுவர் எழுப்பிவிட்டிருந்தார்கள். அக்கா விளம்பரங்களைத் தொட்டார். பதினொரு கடிதங்களும் திறக்கப்படாமல் அங்கே கிடந்தன.

காஜாக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இங்க எப்படிம்மா வந்து மாட்டின? செருப்புக்கும் தொப்பை கரைக்கிற மாத்திரைக்கும் நடுவுல?"

பிறகு ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பதினொன்றையும் ஒரே மூச்சில் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். ஓரிடத்தில், "இது தப்பு" என்றார்.

நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. மருந்து கொடுப்பதில்தான் அக்கா தடுமாறினார். முந்நூற்று ஐம்பத்தெட்டாவது கடிதத்தை முழுக்க முழுக்க அதற்கே ஒதுக்கினார். 'எங்கள் கடிதம் விளம்பரங்கள் பிரிவில் கிடக்கிறது. அதை விரலால் பிடித்து முதன்மைக்கு இழுத்துப் போடுங்கள்' என்று எழுதி, எங்கே தொட வேண்டும் என்பதற்கு அம்புக்குறியிட்ட ஐந்து படங்களும் இரண்டு சிவப்புக் கட்டங்களும் சேர்த்தார். கடிதம் நேரே விளம்பரங்களுக்குள் போய் விழுந்தது. அத்தனை படத்தோடு அது வேறெங்கும் போயிருக்கவும் முடியாது. அங்கே தேடிவந்து படிக்கிற அதே எழுநூறு பேர் அதைப் படித்தார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே தெரியாது. அக்காவே தம் கையால் முதன்மைக்கு மாற்றிக் கொடுத்திருந்ததால் காஜாக்காரரின் பதில் மட்டும் உடனே வந்தது: "கதவப் பூட்டிட்டு, சாவி எங்க இருக்குன்னு சீட்டு எழுதி உள்ளயே வெச்சுட்டு வந்திருக்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வாரம் பழைய கடிதங்களை எல்லாம் ஆராய்ந்தார். படம், விலை, சிவப்புக் கட்டம், கடையின் பெயர், ஒரே நொடியில் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போவது: பிரிக்கும் இயந்திரம் இவற்றைத்தான் மோப்பம் பிடிக்கிறது என்று அவருக்குப் பட்டது. முந்நூற்று அறுபதாவது கடிதத்தில் படங்களை எடுத்தார், விலையை எடுத்தார். அனுப்புநர் என்ற இடத்தில் கடைப் பெயருக்குப் பதிலாகத் தம் சொந்தப் பெயரைப் போட்டார். சரக்கைப் பற்றிக் கடைசியில் இரண்டே வரி. தலைப்பு: 'உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.'

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் திறந்தார்கள்.

மேடம் மாடிக்கே வந்து கைகொடுத்தார். "கலக்கிட்டீங்கக்கா! கோடு எகிறிடுச்சு. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். கொஞ்சம் வேஷத்த மாத்தினேன்."

அடுத்த கடிதத்துக்கு 'நினைவிருக்கிறதா?' என்று தலைப்பு. அதற்கடுத்ததற்கு 'நேற்று உங்களை நினைத்தேன்.' எண்ணிக்கை இறங்கவில்லை. ஆனால் அதே திரையில் வேறு இரண்டு எண்களும் இருந்தன. அவற்றை அக்கா பார்த்தும் பாராதவர் போல் இருந்தார். கடிதத்திலிருந்து கடைப்பக்கத்துக்கு வந்து பொருள் வாங்கியவர்கள் முன்னைவிடக் குறைந்திருந்தார்கள். 'இது வேண்டாத அஞ்சல்' என்று புகார் செய்தவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர் என்பது போய் எழுபதாகியிருந்தார்கள்.

மூன்றாவது வாரம், திரைச்சீலை தைக்கும் ஒரு பெண்மணியிடமிருந்து மடல் வந்தது. அதற்கு முன்பு அவர் எழுதியதே இல்லை.

'என் தங்கை வெளியூரில் மருத்துவமனையில் இருக்கிறாள். அவள் வீட்டாருக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் ஒரு வரி எழுதமாட்டார்களா என்று பத்து நாளாகக் காத்திருக்கிறேன். பழக்கமில்லாத பெயரில், நேற்று உங்களை நினைத்தேன் என்று மடல் வந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துகொண்டு திறந்தேன். ஜிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல ஜிப்பாகவே இருக்கட்டும். இனி எனக்கு எழுத வேண்டாம்.'

அக்கா அதை மூன்று முறை படித்தார். மன்னிப்புக் கேட்டு நான்கு வரி எழுதினார். அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து தாமே நீக்கினார். பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் அவருக்கு உரிமை இல்லை.

அன்று பிற்பகல் அவர் கீழே இறங்கி, நெடுநாளைக்குப் பிறகு பட்டன் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். கலைந்து கிடந்ததை விரல்கள் தாமாகவே பிரித்தன. பிரித்துக்கொண்டே இருந்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. பாதி பேச்சும் பாதி விலைப்பட்டியலுமாகச் சேர்த்துத் தைத்த ஒரு தாளைத் தம்மிடமே கொடுத்து எங்கே போடுவாய் என்று கேட்டிருந்தால், தாமும் அதை விலைப்பட்டியல் பக்கம்தான் போட்டிருப்பார். இயந்திரம் அவரை அவமதிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் அவர் செய்த வேலையைத்தான் அதுவும் செய்தது. இரண்டு பொருளை ஒன்றாக ஒட்டி அனுப்பியது அவர். பிறகு அதற்கு வேடம் போட்டு முன்வாசல் வழியாக நுழைத்ததும் அவர்தான்.

நேரே மேடத்தின் அறைக்குப் போய் அந்த மடலைக் காட்டினார்.

மேடம் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பாவம்தான். தலைப்ப மட்டும் மாத்திடுங்களேன்."

"தலைப்புல இல்ல மேடம் தப்பு. நாம கடக்காரங்க, கடக்காரங்களாவே போகணும். சரக்குத் தாள தனியா அனுப்பலாம். படம், விலை, கடப்பேரு எல்லாத்தோடயும். அது விளம்பரங்கள்ல போய் விழட்டும்."

"விழட்டுமா? அதுலேந்து வெளிய வரத்தானே இவ்ளோ நாளா மல்லுக்கட்டினீங்க?"

"வாங்கணும்னு நெனைக்கிறவங்கதான் அந்தப் பக்கம் எட்டிப் பாப்பாங்க. மத்தவங்க வாசல்ல போய் எதுக்கு நிக்கணும்?"

"அப்ப உங்க கடிதம்?"

"கேக்கறவங்களுக்கு மட்டும். சரக்குத் தாளோட அடியில ஒரு வரி போடறேன். கடிதம் வேணும்னா 'வேண்டும்'னு பதில் அனுப்புங்கன்னு. படம், விலை இல்லாம, பதில் போட்டவங்களுக்கு எழுதினா முதன்மையிலயே போய் விழுதுன்னு பாத்திருக்கேன்."

மேடம் பேனாவால் மேசையைத் தட்டினார். "நல்லா ஏறின எண்ண நீங்களே எறக்கச் சொல்றீங்க. சரி. ஐநூறு பேர் கேக்கட்டும், கடிதம் நிக்காது. கெடு மட்டும் அதேதான்."

கெடுவுக்கு ஏழு வாரங்கள் இருந்தன. முதல் சரக்குத் தாள் எதிர்பார்த்தபடியே விளம்பரங்களுக்குள் போய் உட்கார்ந்தது. திறந்தவர்கள் அறுநூறு பேர்கூட இல்லை. ஆனால் அந்த அறுநூறில் வாங்கியவர்கள் அதிகம். நான்காவது வாரம் ஜிப் அடுக்கு காலியாகி, மேடம் சரக்குக்கு அவசரமாகச் சொல்லியனுப்பும்படி ஆயிற்று. புகார் மீண்டும் இரண்டுக்கு இறங்கியது.

'வேண்டும்' என்ற பதில்கள் முதல் வாரம் ஐம்பத்தொன்று. அடுத்து முப்பத்து மூன்று, இருபத்தொன்று, பதினான்கு என்று தேய்ந்துகொண்டே போயின. காஜாக்காரர் தம் தெருவிலிருந்த தையற்காரர்களை மடக்கிப் பிடித்து ஒன்பது 'வேண்டும்' வாங்கிக் கொடுத்தார். பத்தாவது ஆளுக்கு மின்னஞ்சலே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஏழாம் வாரம் வந்தவை ஐந்து. ஆக மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று.

"ஐநூறுன்னு சொன்னேன்" என்றார் மேடம். குரலில் வெற்றி ஏதும் இல்லை.

"ஆமா மேடம்."

"நூத்தி நாப்பத்தி மூணு பேருக்காக வாரம் முழுசும் ஒருத்தர மேல உக்கார வெக்க முடியாதுக்கா. சரக்குத் தாள நானே பாத்துக்கறேன். நீங்க திங்கக்கெழமலேந்து கீழ வந்துடுங்க. உங்களுக்குக் கோவமா?"

"கோவம் இல்ல. ஒண்ணு கேக்கலாமா? அந்த நூத்தி நாப்பத்தி மூணு பேரும் கடையக் கேக்கல, என்னத்தான் கேட்டிருக்காங்க. அந்தப் பட்டியல எனக்குக் குடுத்துடுங்க."

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார். "குடுத்துட்டா? கடப்பேர் அதுல வரக் கூடாது. சரக்கப் பத்தி ஒரு வார்த்தை வரக் கூடாது."

"வராது."

"முதல்ல அவங்க ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கணும், இனிமே உங்க சொந்த முகவரியிலேந்து வரலாமான்னு."

"கேட்டுட்டேன் மேடம்" என்றார் அக்கா சற்றுக் கூச்சத்தோடு. "நேத்தே கேட்டுட்டேன். மூணு பேர் மட்டும் வேணாம்னுட்டாங்க. அவங்களுக்கு ஜிப்தான் வேணுமாம்."

மேடம் சிரித்துவிட்டார். பட்டியல் கைமாறியது.

திங்கட்கிழமை முதல் வியாழக்கா மீண்டும் நானூற்று எண்பது இழுப்பறைகளுக்கு முன்னால் நின்றார். வியாழன் வந்தது. அன்று விடியற்காலையிலேயே எழுந்து, சமையலறை மேசையில் கணவரின் கருவிப்பெட்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மகளின் பழைய மடிக்கணினியைத் திறந்தார். மாடியறையில் அனுப்புவதற்கென்று மென்பொருள் இருந்தது, இங்கே கைதான். நூற்று நாற்பது முகவரிகளை இருபது இருபதாக இட்டு ஏழு தடவை அனுப்பினார். மின்தூக்கி நின்றுபோன கட்டடத்தில் கணவரும் ஒரு பேராசிரியரும் நான்கு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்ட கதையை எழுதியிருந்தார். விற்பதற்கு அதில் ஓர் ஊசிகூட இல்லை.

கணவர் சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "எம் மானத்த வாங்கியாச்சா? எத்தன பேர் திறந்தாங்க?"

"தெரியாது."

"தெரியாதா? கடையில உடனே நம்பர் காட்டுமே?"

"அது கடக்கடிதத்துக்கு. இதுல யாரு தொறந்தாங்க, யாரு தொறக்கலன்னு சொல்ல ஒண்ணும் கெடையாது."

"அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

"பதில் வந்தா தெரியும்."

"வரலன்னா?"

"வரலன்னா என்ன, அடுத்த வியாழனும் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு அக்கா கணினியை மூடினார். பேருந்துக்கு நேரமாகியிருந்தது. கடை திறந்ததும் முதல் ஆளாக வந்த பெண், குழந்தைச் சட்டை ஒன்றைக் கவுண்டரில் விரித்து, இதே பட்டன் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டாள். அக்கா சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீலம், நான்கு துளை, ஓரம் கொஞ்சம் மழுங்கியது.

"கெடைக்கும்" என்றார். "உக்காருங்க. யாருக்கு இந்தச் சட்டை?"